டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நான்கு பதக்கங்கள், வீட்டில் ஒன்றும் இல்லை

1971 போரில் பணியாற்றிய சிப்பாய்க்கு உரிய பதக்கங்கள் அப்போதே அவர் கைக்கு வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பத்தினர், முதல் வேலையாக அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை (படையிலிருந்து விலகும்போது தரப்படும் பணி விவரப் புத்தகம்) எடுத்து, பதக்கங்கள் என்ற பகுதியில் எழுதியிருப்பதையும் வீட்டில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். என் அப்பாவின் புத்தகத்தில் பூர்வி ஸ்டார், சங்க்ராம் பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், 9 ஆண்டு நீண்ட பணிப் பதக்கம் என்று நான்கு எழுதப்பட்டிருந்தன. வீட்டிலோ தீயணைப்புத் துறையில் அவர் பெற்ற முதலமைச்சர் பதக்கம் மட்டுமே இருந்தது. அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் இது எங்களுக்குத் தெரிய வந்தது.

அப்பா பெரிய பதவி எதிலும் இருந்தவர் அல்லர். 1966-இல் சிப்பாயாகச் சேர்ந்து, போரின்போது கிழக்கு முனையில் பணியாற்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக 1977-இல் தம் விருப்பத்தின்பேரில் ஓய்வூதியம் இல்லாமலே வெளியே வந்தார். பிறகு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தீயணைப்போராகச் சேர்ந்து, குடிசைத் தீ, வைக்கோல்போர்த் தீ, கிணற்றில் விழுந்த மாடு என்று கால் நூற்றாண்டுக்கு மேல் வண்டியேறி, முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றார். தீயணைப்புத் துறைப் பதக்கத்தை விழா மேடையில் வாங்கினார்; மாதந்தோறும் பதக்கப்படியும் ஒழுங்காக வந்தது. அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை.

விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வீரச் செயலுக்கான விருதுகளையும், தீயணைப்புத் துறையில் குடியரசுத் தலைவர் பெயராலும் முதலமைச்சர் பெயராலும் வழங்கப்படும் பதக்கங்களையும் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கிறார்கள். போர்க்காலப் பணிப் பதக்கங்கள் அப்படிப்பட்டவை அல்ல. 1971 போரில் கிழக்கு முனையில் தகுதியான பணி செய்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் செய்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார், 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவருக்கு வெள்ளிவிழாப் பதக்கம் என்று வரையறை இருக்கிறது. அதற்குள் வருபவர் ஜெனரலாக இருந்தாலும் சமையற்காரராக இருந்தாலும் அது அவருக்கு உரியது. “இவ்வளவு வருஷம் கழித்து எதற்கு? அவர் என்ன பரம்வீர் சக்ராவா வாங்கினார்?” என்று ஓர் அலுவலக எழுத்தர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் எனக்கு வலிக்கிறது. உரிமையைக் கேட்டு வந்தவரைச் சலுகை கேட்டு வந்தவராக நடத்தியதோடு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும் அவர் மறுத்துவிட்டார். எனவே எந்த அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும், அதே மனுவின் ஒரு படியை விரைவு அஞ்சலில் (பதிவு அஞ்சல் 2025-இல் இதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது) சேர்ப்பித்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்பாவின் படைப்பிரிவுக்குரிய ஆவண அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கு நெடுங்காலம் பதில் இல்லை. நினைவூட்டல்கள் அனுப்பிய பிறகு வந்த கடிதமோ, ஓய்வூதியம் பெறாதவர் என்பதால் அவருடைய பணி ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது என்று இரண்டே வரியில் முடிந்திருந்தது. இந்தக் கடிதத்தைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்திவிடுபவர்கள்தாம் அதிகம் என்று பின்னர் அறிந்தேன். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்க விதியில் இடம் இருப்பது உண்மைதான். ஆனால் ‘லாங் ரோல்’ எனப்படும் பேரேட்டை அழிப்பதில்லை. படை எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் போன்ற அடிப்படை விவரங்கள் அதில் நிலையாக இருக்கும். ஆகவே அடுத்த கடிதத்தில் லாங் ரோல் பதிவைச் சரிபார்க்குமாறு பெயர் சொல்லிக் கேட்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் சான்றொப்பமிட்டு இணைத்தேன். பதிவு இருப்பதாக இம்முறை பதில் வந்தது.

அதோடு புதிய தடை ஒன்றும் வந்தது. ராணுவப் பதிவில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயர்போல ஒட்டியிருந்தது. இறப்புச் சான்றிதழிலும் வாரிசுச் சான்றிதழிலும் நம் வழக்கப்படி தாத்தாவின் பெயர் ஒற்றை முன்னெழுத்தாக இருந்தது. போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் பெயரின் கடைசி எழுத்தும் வேறாக இருந்தது. அந்தச் சிப்பாயும் இறந்துபோன இந்த மனிதரும் ஒருவரே என்பதை நிறுவுக என்றார்கள். ஓய்வூதியம் வாங்கியிருந்தால் ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரே இருந்திருக்கும், இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. நோட்டரி கையொப்பத்துடன் பிரமாணப் பத்திரம் அனுப்பினேன்; அது மட்டும் போதாது என்றார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘ஒரே நபர்’ என்று சான்று கேட்டபோது, உயிரோடு இல்லாதவருக்கு அப்படித் தருவதில்லை என்று சொல்லி, ஒரு பகல் முழுவதும் காத்திருக்க வைத்த பிறகு திருப்பி அனுப்பினார்கள்.

வழி கிடைத்தது தீயணைப்பு நிலையத்தில்தான். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 அன்று கடைப்பிடிக்கப்படும் தீத்தொண்டு நாளுக்கு, அப்பா பணியாற்றிய நிலையத்திலிருந்து எங்களையும் அழைத்திருந்தார்கள். அங்கே அப்பாவோடு ஒரே வண்டியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர், நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “தம்பி, எஸ்.ஆரை எடுத்துப் பாருங்க. மிலிட்டரியிலிருந்து வந்தவங்களுக்கு முதல் பக்கத்திலேயே பட்டாளத்து நம்பரை எழுதியிருப்பாங்க” என்றார். எஸ்.ஆர். என்பது பணிப்பதிவேடு. மாநில அரசு அலுவலகம் என்பதால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேட்டேன். 30 நாள் கெடுவுக்குள்ளேயே வந்துவிட்டது. (மத்திய அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் மனுவில் இந்த வில்லையை ஒட்டாதீர்கள், அங்கே 10 ரூபாய் அஞ்சல் ஆணையாக இணைக்க வேண்டும்.)

நகலின் முதல் பக்கத்தில் முன்னெழுத்துடன் கூடிய பெயர், அதன் கீழே முந்தைய ராணுவப் பணி, படை எண், விலகிய நாள் ஆகியவை மங்கிய மையில் இருந்தன. அதைவிட வலுவான சான்று அங்க அடையாளப் பகுதியில் கிடைத்தது. இடது முழங்காலுக்குக் கீழே வெட்டுத் தழும்பு, வலது தோளில் மச்சம் என்று பணிப்பதிவேட்டில் எழுதியிருந்த இரண்டும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆங்கிலத்தில் அப்படியே இருந்தன. தழும்பு அவர் சிறுவனாக இருந்தபோது கருக்கரிவாள் பட்டதால் வந்தது என்று அத்தை சொல்லுவார். இரு பக்கங்களையும் அருகருகே வைத்து ஒரே தாளில் நகலெடுத்து, ஒத்த இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் அனுப்பினேன். அதற்குப் பிறகு அடையாளம் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியில் பலர் எனக்குச் சொன்ன யோசனை, படைமுகாம்களை ஒட்டிய கடைகளில் இதே பதக்கங்கள் விற்கும், வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்பது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரசு வழங்கும் பதக்கத்தில் உரியவரின் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். கடைப் பதக்கத்தில் அது இராது. வீட்டில் இருந்த பதக்கம் தொலைந்துபோனது என்றால், காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதும் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது), கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றும் வாங்கிக்கொண்டு மாற்றுப் பதக்கம் கேட்க வேண்டும். ஒருபோதும் வழங்கப்படவே இல்லை என்றால் அதை மனுவின் முதல் வரியிலேயே தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் தொலைந்ததாகவே எடுத்துக்கொண்டு, காவல்துறைச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் இப்போதே அவர் கையெழுத்தில் விண்ணப்பியுங்கள். நான் திரட்டிய தாள்களில் பாதிக்கு மேல் தேவைப்படாது.

பூர்வி ஸ்டார், சங்க்ராம், 9 ஆண்டுப் பதக்கம் மூன்றும் ஒரு சிறிய பதிவு அஞ்சல் பொட்டலத்தில் வந்தன. பூர்வி ஸ்டாரின் பின்பக்கத்திலும் மற்றவற்றின் விளிம்பிலும், குழந்தையின் விரல் நகத்தைவிடச் சிறிய எழுத்துகளில் அப்பாவின் எண்ணும் பெயரும் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா எழுத்தெழுத்தாகப் படித்தார். பெயரின் கடைசி எழுத்து ராணுவம் எழுதிய விதத்திலேயே இருந்தது. எங்களுக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

வெள்ளிவிழாப் பதக்கம் மட்டும் இருப்பில் இல்லை, வந்ததும் அனுப்பப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. காலக்கெடு எதுவும் அதில் குறிப்பிடப்படவில்லை. அந்தக் கடிதத்தின் எண்ணையும் நாளையும் மேற்கோள் காட்டி, எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டு, 10 ரூபாய் அஞ்சல் ஆணையை இணைத்து இந்த வாரம் தகவல் உரிமை மனு அனுப்பியிருக்கிறேன்.