ஆய்வேடு ஊருக்குத் திரும்ப வேண்டும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு, நிலையான வளர்ச்சி என்பது முதலில் தண்ணீர்தான். கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் என்றாலும், மலைமறைவில் கிடக்கும் இந்தக் கரிசல் பூமிக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, கேரளத்துக்கு மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். கால்வாய் எட்டாத தோட்டங்களுக்கு ஆழ்துளைக் கிணறே கதி.

பல்கலைக்கழக ஆய்வின் வலிமையை இந்த வட்டாரம் ஒருமுறை கண்கூடாகக் கண்டிருக்கிறது. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராக மக்கள் போராடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆலை உழவர்களுக்கு உரமென்று கொடுத்த கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதை, பி.பி.சி. வானொலிக்காக 2003-இல் சோதித்த இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வகம் கண்டறிந்தது. மறு ஆண்டு ஆலை நின்றது. ஊர் பட்ட பாட்டுக்கு ஆய்வகத்தின் எண்கள் துணைநின்றதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்தச் சோதனைக்கு மண் கடல் கடந்து போக வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் உண்டு.

திருச்சூரிலும் கோவையிலும் உள்ள இரு வேளாண் பல்கலைக்கழகங்களும் 1971-இல் உருவானவை, எங்களுக்கு இருபுறமும் இருப்பவை. மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பாறைத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறோம் என்பதால், அதை இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அளப்பதே முறை.

கல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பையொட்டி, சுற்றுச்சூழல் பாடம் இளநிலை வகுப்புகளில் கட்டாயமாயிற்று. நல்ல செயல். ஆயினும் நிலையான வளர்ச்சிக்கு ஐ.நா.வின் புருந்த்லாந்து குழு 1987-இல் தந்த வரையறையைப் பிழையின்றி எழுதும் மாணவர், தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்தால் அல்லவா அந்தப் பாடம் நிறைவு பெறும்?

ஆய்வு மாணவர்கள் வந்து கேள்வி கேட்டு, மண் எடுத்துப் போகிறார்கள். எழுதப்படும் ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலகத்தில் தங்கிவிடுகிறது. ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் நான்கு பக்கத் தமிழில் எழுதி, கிராம சபையில் வாசிப்பதைப் பட்டத்துக்கான நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் புவியியல்துறையும் ஒரே வளாகத்தில் இருக்கையில் இது கடினமன்று. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பேசும் கூட்டத்துக்கு முன்பே அந்த ஆய்வுகளின் நீர் அளவுகள் எங்கள் கைக்கு வந்தால், எந்தத் தோட்டத்தில் இனி ஆழ்துளை போடக் கூடாது என்பதையும் அங்கேயே பேசி முடிக்கலாம்.