ஒன்றும் இல்லை

“உடம்புல ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க.” இதை நான் சொன்னது அந்த அம்மாவிடம். பேசியது அப்பா, அதுவும் மகளைப் பார்த்து. “கேட்டியா? மூணு மாசமா எங்களை அலைய வச்சிருக்க.” பதினோரு வயதுப் பெண். பதில் சொல்லவில்லை, இருமினாள்.

நாய் குரைப்பது போன்ற வறண்ட இருமல். பழக்கமாகிப்போன இருமல் என்று வெளியே பெஞ்சிலிருந்து கேட்டபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஃபைலில் எக்ஸ்ரே, காசநோய்க்கான மாண்டூ தோல் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எல்லாம் நார்மல். இரண்டு தடவை ஆன்டிபயாடிக், இன்ஹேலர், ஸ்டீராய்டு வேறு. முன்பு பார்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோய் இல்லை என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். “தூங்கும்போது?” என்றேன். “சத்தமே இல்ல டாக்டர்” என்றார் அம்மா. தூக்கத்தில் நிற்பதை மட்டும் வைத்துப் பழக்க இருமல் என்று முடிவு செய்யாதே என்கிறது 2015-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். சரிதான், எந்த இருமலும் தூக்கத்தில் ஓரளவு அடங்கும். ‘மனதால் வரும் இருமல்’ என்ற பழைய பெயரையும் அதில் கைவிட்டார்கள். பெயர் மாறியதில் அன்று எனக்கு ஒரு உதவியும் இல்லை.

பெற்றோரை வெளியே உட்காரச் சொன்னேன். சளி பிடித்தபோது தொண்டை புண்ணானது, இருமினால் இன்னும் அரிக்கும், அரித்தால் மறுபடி இருமல் என்று அவளுக்கு விளக்கினேன். அடுத்த இருமலை ஒரு நிமிடம் தள்ளிப்போடு, வந்தால் வெந்நீர் ஒரு மடக்கு. அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து. புது வித்தை இல்லை. பேச்சாலேயே இதை நிறுத்தலாம் என்று 1966-லேயே பெர்மன் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது.

“அப்ப நான் பொய்யா இருமினேனா டாக்டர்?”

“இல்லம்மா, தொண்டை அப்படிப் பழகிடுச்சு” என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் அவளிடம் மட்டும் சொன்னேன். பெற்றோர் உள்ளே வந்ததும், “நின்னுடுச்சு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்பா சிரித்தார். “பாத்தியா, நாங்க சொன்னா கேக்காது, டாக்டர் சொன்னா நிக்குது.” நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புதான் போக மாட்டேன் என்கிறது. இருபது நிமிடத்தில் நிறுத்திக் காட்டியதே, அவள் நினைத்திருந்தால் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பதற்கு அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அதை எடுத்துக் கொடுத்தவன் நான். வெளியே நாற்பது குழந்தைகள் காத்திருந்தார்கள். அவரும் மோசமான மனிதர் இல்லை. மூன்று மாத அலைச்சல், லீவு, செலவு. பள்ளியில் ஏதாவது, வீட்டில் ஏதாவது என்று நானும் கேட்கவில்லை. இப்படி இருமும் பிள்ளைகளில் பலருக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று படித்திருக்கிறேன். உண்மைதான். எனக்கு வசதியான உண்மையும்கூட.

ரிவ்யூவுக்கு அவர்கள் வரவில்லை. வராவிட்டால் சரியாகிவிட்டது என்றுதான் எங்கள் தொழிலில் கணக்கு.

இப்போதெல்லாம் பிள்ளையையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: “இருமல் நிஜம். இவன் வேணும்னு செய்யல. நின்னதுக்கப்புறமும் திட்டாதீங்க.” போன வாரம் ஒரு பையனின் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப உடம்புல ஒண்ணும் இல்லதானே டாக்டர்?” என்றார். கண் கலங்கியிருந்தது.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.