நேரில வாங்கோ

அந்தத் தாய் என்னோடு கோபிக்கவில்லை. "ஏன் தம்பி அவங்களை ஊருக்குள்ள கூப்பிட்டனீங்கள், போனிலயே நாலு சொல்லுச் சொல்லி விட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், சுற்றறிக்கை, நடைமுறை, பொறுப்பு என்று அடுக்க எங்களுக்குத் தெரியாததா. இப்படிக் கேட்டதற்கு இன்னும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

விசயம் சின்னது. அந்தத் தாயின் மகன், நான் கிராம அலுவலராக இருக்கிற பிரிவுப் பொடியன், அரச வேலை ஒன்றுக்குப் போட்டு, பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டி, கடைசியில் பாதுகாப்புப் பின்னணி விசாரணையில் வந்து நின்றான். ஒருநாள் பின்னேரம் எனக்கு ஒரு போன். தெரியாத இலக்கம், நல்ல தமிழ். தன் பெயரையும் எந்த விசாரணைப் பிரிவு என்பதையும் சொல்லிவிட்டு "ஐயா, சின்ன விசயம், அஞ்சு நிமிசம்" என்றார். பொடியனின் அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர் எல்லாம் கையில் வைத்திருந்தார். ஆள் எப்படி, குடும்பம் எப்படி, 2008 கடைசியிலிருந்து 2010 வரைக்கும் எங்கே இருந்தவை.

கடைசிக் கேள்வியில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். மறைக்க நினைத்து அல்ல. போரும் இடப்பெயர்வுமாக இருந்த அந்தக் காலத்துக்கு முகவரி எழுதுவது என்றால் என்னவென்று இங்கே கிராம அலுவலராக இருக்கிற எவருக்கும் தெரியும். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், அதற்குப் பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம். படிவத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு கோடுதான் இருக்கும். அதனால் பலபேர் "மெனிக் பாம், அருணாசலம் முகாம்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள், அது ஒன்றுதான் பெயரும் இலக்கமும் உள்ள இடம். அதுவும் 2012 செப்டெம்பரில் மூடியாயிற்று. அப்போது ஒன்பது பத்து வயது இருந்திருக்கக்கூடிய ஒரு பிள்ளை எந்தத் தறப்பாளுக்குக் கீழே இருந்தது என்று எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது? அதோடு அவனுக்கு ஒரு அண்ணன், புலிகள் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அரசு கொடுத்த புனர்வாழ்வு பெற்று வந்தவன். 2009க்குப் பிறகு 12,000 பேர் அளவில் அந்தப் புனர்வாழ்வு முகாம்கள் வழியாகத்தான் வந்தார்கள், அதில் ஒருவன். அவரிடம் அது ஏற்கெனவே எழுதியிருக்கும், என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறாரோ என்றும் ஓடியது.

நான் யோசித்தது நாலைந்து செக்கன்தான். அதற்குள் "ஹலோ, ஐயா, இருக்கிறீங்களோ? ஏதும் பிரச்சினையோ?" என்றார். அந்த "ஏதும் பிரச்சினையோ"தான் எனக்குக் குத்தியது. கந்தோரில் எதிரே இருந்து கேட்டிருந்தால் நான் இடாப்பைத் தேடுவதைக் கண்டிருப்பார், கண்ணாடியைத் துடைப்பதைக் கண்டிருப்பார். போனில் என் மௌனத்தை அவர் எப்படி எழுதிக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொன்னேன்: "நேரில வாங்கோ, பதிவைப் பாத்துச் சொல்லுறன்."

அதனால்தானா? பேசுவது யார் என்பதே தெரியாதபோது ஒரு வீட்டுக் கதையை எப்படிச் சொல்வது என்பதும் ஒரு காரணம், நியாயமான காரணம். அடையாள அட்டை இலக்கம் வைத்திருக்கிறவர் எல்லாம் அதிகாரி இல்லை. ஆனால் "அஞ்சு நிமிசம்" என்று சொன்ன விதத்தில் எனக்கு வந்த சின்ன எரிச்சலும் அதற்குள் இருந்தது.

வந்தார். சிவில் உடுப்பு, மோட்டார் சைக்கிள், பின்னால் இன்னொருவர். அட்டையைக் கேட்டேன், முகம் சுளிக்காமல் காட்டினார். வாக்காளர் இடாப்பை விரித்து வீட்டு ஆட்களைக் காட்டினேன், இடம்பெயர்ந்த வரிசையைச் சொன்னேன், பொடியன் அப்போது சின்னப் பிள்ளை என்பதை இரண்டு தரம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் செருகி, கொப்பியையும் மூடிவிட்டு, எழும்புகிற மாதிரி கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "சரி ஐயா, உண்மையில ஆள் எப்படி?"

இந்த விசாரணைகளில் கொப்பி மூடின பிறகு வருவதுதான் கேள்வி. போனில் கொப்பி மூடுகிற சத்தம் கேட்காது. நேரில் எந்தக் கட்டத்தில் ஆள் அதிகாரியாக இருக்கிறார், எந்தக் கட்டத்தில் சும்மா கதைக்கிறார் என்று கொஞ்சமாவது பிடிபடும். "நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை, வீட்டை அவன்தான் பாக்கிறான்" என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் அது அவருக்குள் போனது என்று நினைத்தேன். எங்கள் நற்சான்றிதழில் எல்லாருக்கும் ஒரே வசனம்தான், நல்லவனுக்கும் அதுதான், நேற்றுக் கசிப்போடு பிடிபட்டவனுக்கும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்றே இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவர் கந்தோரோடு திரும்பிப் போகவில்லை. கடையில் நிறுத்திச் சோடா குடித்து, அந்த வீட்டைப் பற்றி விசாரித்து, பக்கத்து வீட்டுப் படலையிலும் நின்று கதைத்திருக்கிறார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது. இருட்டுவதற்குள் ஊர் முழுக்க "சிஐடி வந்து போட்டுது" என்றாயிற்று. தம்பிக்கு வேலை கிடைக்கப் போகிறது என்று ஒருத்தர்கூடக் கதைக்கவில்லை. அண்ணன்காரன் அன்றிரவு வீட்டில் படுக்கவில்லை. தோட்டக் காவலுக்குப் போனான் என்று சொன்னார்கள், அது காவலுக்குப் போகிற காலமில்லை.

அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ஒருவரோடு இதைக் கதைத்தேன். அவருடைய மகள் அங்கே மத்திய அரசு வேலைக்குப் போகும்போது எஸ்எஃப்-86 என்கிற படிவம் நிரப்பியவள். பத்து வருசத்து வதிவிடம், வெளிநாட்டு உறவினர் என்று நூறு பக்கத்துக்கு மேலே. கொரோனாவுக்குப் பிறகு அங்கேயும் போனிலும் வீடியோவிலும் விசாரிக்கிறார்கள், நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் விடவில்லை. மச்சான் நேரில்தான் நல்லது என்கிற கட்சி. கதவைத் தட்டி அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போனார்களாம், பக்கத்து வீட்டுக்காரி அடுத்தநாள் "எந்தத் திணைக்களம், நல்ல சம்பளமா" என்று விசாரித்தாளாம். சரி, அங்கே கதவு தட்டினால் அர்த்தம் அது. இங்கே சிவில் உடுப்பில் ஒருவர் படலைக்கு வந்து நின்றால் அந்த வீட்டுக்கு வேறு ஞாபகங்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொன்னார். அங்கே 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்தின்படி விசாரிக்கப்பட்டவர் தன்னைப் பற்றிய விசாரணைக் கோவையைக் கேட்டு வாங்கலாம், தகவல் சொன்னவர் விரும்பினால் தன் பெயரை மறைக்கச் சொல்லலாம். எங்களிடமும் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆனால் தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெயர் மறைக்கிற கதையே இல்லை, யார் என்ன சொன்னது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன். அங்கே இந்தப் பின்னணி விசாரணைக் கோவைகளே களவு போய், 2 கோடி 15 லட்சம் பேரின் விபரம் யாரோ கையில் போனது 2015இல் வெளியே வந்ததுதானே. போனில் சொன்னாலும் நேரில் சொன்னாலும் கடைசியில் ஒரு கோவைக்குள்தான் போய்க் கிடக்கும், நாங்கள் அதன் வாசலில்தான் நிற்கிறோம்.

பக்கத்துப் பிரிவுக் கிராம அலுவலர், ஜீஎஸ் மிஸ், அவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. "எழுத்தில கேட்டா எழுத்தில குடுப்பன், பிரதேச செயலகத்தால வரட்டும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் போவது அந்த ஒரே வசனம். அண்ணன் விசயம் மேலே எழுதியிருக்கிற ஒரு கோவையில், அதற்குக் கீழே அந்த வசனம் என்ன செய்துவிடும்? நேரில் வந்ததால்தானே "வீட்டை அவன்தான் பாக்கிறான்" என்று என்னால் சொல்ல முடிந்தது. அதே நேரம், நேரில் வந்ததால்தானே அண்ணன் தோட்டத்தில் படுத்தான். இந்த இரண்டையும் ஒரு தராசில் வைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. மேலும், கந்தோரில் தனியாகக் கதைத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒற்றை அறை, விறாந்தையில் அஸ்வெசும உதவிப்பண மேன்முறையீட்டுக்கு வந்த சனம், யன்னல் திறந்து கிடந்தது. போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தால் அதுதான் கூடுதல் இரகசியம்.

பொடியனுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. நான் சொன்னதாலா, கடையில் யாரோ சொன்னதாலா, அண்ணனாலா, இல்லை இந்த நாட்டில் கடிதங்கள் வருகிற வேகமே அதுதானா, தெரியாது. அவன் இப்போது பரந்தனில் ஒரு கடையில் நிற்கிறான், கண்டால் சிரிப்பான்.

போன மாதம் அதே அதிகாரி வேறொரு பிள்ளையைப் பற்றிப் போன் எடுத்தார். அஞ்சு நிமிசம் என்றார், அஞ்சு நிமிசத்தில் எல்லாம் சொல்லி முடித்தேன். இடைவெளி விடாமல் சொன்னேன். அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. அந்த வீட்டில் புனர்வாழ்வுக் கதை எதுவும் இல்லை, ஆகவே இதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

தாய்க்கு அதுவும் எட்டிவிட்டது. தண்ணீர்க் கட்டணப் பிரச்சினை ஒன்றுக்கு வந்தவர், போகும்போது, "அந்தப் பிள்ளைக்குப் போனில சொன்னனீங்களாம்" என்றார். "ஓம் அம்மா, அவர்ட அட்டையை நான் முதலே பாத்திட்டன், ஆளைத் தெரியும்" என்றேன். அது உண்மைதான். அட்டையைப் பார்த்தது அவருடைய மகனுக்காக அந்த ஆள் வந்த அன்று என்பது அவருக்கும் தெரியும்.