'தேவையில்லை' கடிதத்துக்குப் பிறகு வந்த 46

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருக்கால், குடல் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கான மலப் பரிசோதனைப் பொதி வீடு தேடி வரும். நானும் செய்து அனுப்பி, மேற்கொண்டு சோதனை தேவையில்லை என்று வந்த கடிதத்தை ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். சில மாதங்களில் வயிறு ஒழுங்கு குழம்பத் தொடங்கியது. ஒரு கிழமை இறுகும், மறு கிழமை ஓட்டம். இரத்தம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்ததும், ஜீபி (குடும்ப வைத்தியர்), மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் 'ஃபிட்' சோதனை எழுதித் தந்தார்.

"போனமுறை நோர்மல்தானே?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை எங்கள் ஆட்கள் பலரும் அறிந்திருக்கமாட்டார்கள். தபாலில் வருவதும் இதே சோதனைதான், ஆனால் அது அறிகுறி இல்லாதவர்களுக்கானது. ஒரு கிராம் மலத்தில் 120 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் (இரத்தத்தின் சிவப்புப் புரதம்) இருந்தால்தான் அப்போது மேல் சோதனைக்கு அனுப்பினார்கள். அறிகுறியோடு வருபவருக்கு எல்லை வெறும் 10. ஆக, 90 உள்ளவருக்கும் 'தேவையில்லை' என்றுதான் கடிதம் போயிருக்கும். என்னுடைய பழைய எண் என்னவென்று கடிதத்தில் இல்லவேயில்லை.

சோதனை சின்ன விஷயம்தான். மலம் தண்ணீரில் படாமல் பிடிக்க வேண்டும். அதற்குப் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்தேன். "அதைத் திரும்பக் குசினிப் பக்கம் கொண்டு வந்திடாதேங்கோ" என்றாள் மனைவி. குழாய் மூடியோடு ஒரு குச்சி இருக்கும், அதன் நுனியில் நுண்ணிய வரிகள். மலத்தில் பல இடங்களில் சுரண்டி அந்த வரிகள் நிரம்பினால் போதும், அள்ளி அடைக்கத் தேவையில்லை. மூடி, திகதி எழுதி, கொடுத்துவிட்டு வந்தேன். மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் சோதனை என்பதால் ஆட்டிறைச்சிக் கறிக்குத் தடையில்லை.

எண் 46. நெஞ்சு பதறியதுதான். 10க்கு மேல் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை, ஆனால் அவசரமாகப் பார்க்கவேண்டிய வரிசைக்கு வந்துவிட்டீர்கள் என்று ஜீபி விளக்கினார். மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் இப்படித்தான் ஆட்களைப் பிரிக்கச் சொல்கிறது. 10க்குக் கீழே வந்தாலும் அறிகுறி விடாவிட்டால் திரும்பப் போகவேண்டும். ஆசனவாயிலில் கட்டி தட்டுப்பட்டால் இந்தச் சோதனைக்காகக் காத்திருப்பதே இல்லை.

அடுத்தது கொலனோஸ்கொப்பி, அதாவது கமெரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அதை விட அதற்கு முந்தைய நாள்தான் கொடுமை. இரும்பு மாத்திரையை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். பிறகு கீரை, பருப்பு, விதையுள்ள மரக்கறி ஒன்றும் கூடாது. வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும்தான். இரவு குடிக்கத் தந்த மருந்து உப்புத் தண்ணீரில் எலுமிச்சை வாசனை பூசியது மாதிரி. குளிரவைத்து, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சினால் ஓரளவு இறங்கும்.

மயக்க ஊசி வேண்டாம், நோவு குறைக்க மூச்சில் இழுக்கும் வாயு போதும் என்றேன். திரையில் என் குடலை நானே பார்த்தபடி கிடந்தேன். காளான் போலத் தண்டோடு ஒரு சதை வளர்ச்சி, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. கம்பி வளையத்தை மாட்டி இறுக்கி வெட்டினார்கள். வெட்டும் இடத்தில் நோவே தெரியவில்லை, காற்று ஊதும்போதுதான் வயிறு பிடித்தது.

இரண்டும் அடினோமா (விட்டுவைத்தால் பிறகு புற்றுநோயாக மாறக்கூடிய வளர்ச்சி), இப்போது புற்றுநோய் இல்லை என்று ஆய்வுகூட முடிவு வந்தது. பெரியது ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்ததால் மூன்று வருடத்தில் மறுபடி கமெரா. இரும்பு மாத்திரையைத் திரும்பத் தொடங்கியாயிற்று. இந்தமுறை ஜீபியிடம் கேட்டு அந்த 46ஐயும் அச்செடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.