புரட்டாசி பிறந்தால் ஜவ்வாது மலைக்கு ஒரு காலிப் பெட்டியோடு

வேலூர் பைபாஸ் ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் சீத்தாப்பழத்தைத் தின்றுவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறவர்கள் இந்த மாதம் ஜவ்வாது மலை ஏறியே ஆக வேண்டும். அங்கே கிடைப்பதும் இங்கே கிடைப்பதும் ஒரே பழம் என்று சொல்வதே தப்பு. சாலையோரக் குவியலில் பாதி, முற்றாமல் பறித்தது. தூரம் போக வேண்டும், வழியில் நசுங்கக் கூடாது என்று முன்னாலேயே பறித்து விடுகிறார்கள். முற்றாத சீத்தா நாலு நாளில் மெத்தென்று ஆகும், தோல் கறுக்கும், ஆனால் இனிப்பு ஏறாது. மலையில் காலையில் பறித்தது மதியத்துக்குள் கூடையோடு சாலைக்கு வந்துவிடுகிறது.

ஜமுனாமரத்தூருக்கு இரண்டு வழி வசதி. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போய் அங்கே மலை பஸ் பிடிப்பது ஒன்று. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறுவது இன்னொன்று. பஸ்ஸில் போனால் செலவு மிகவும் குறைவு. ஆனால் மலை பஸ்கள் கொஞ்சம்தான், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும். ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எப்போது இறங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டவர்களுக்காகவே வண்டிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஏறும்போது சொன்ன தொகை வேறு, இறங்கும்போது கேட்கும் தொகை வேறு. "திரும்பும்போது காலியாகத்தான் சார் போகணும்" என்று ஒரு கணக்கு, "ரெண்டு மணி நேரம் வெயிட்டிங்" என்று இன்னொரு கணக்கு. பழத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதிலேயே போய்விடும். வண்டி எடுத்தால் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கிளம்பும் முன்பே ஒரே தொகையாகப் பேசுங்கள். எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி பழத்துக்கு வருவோம். பார்க்க வேண்டியது அளவை அல்ல, கண்ணை. சீத்தாவின் மேல் இருக்கும் அந்தக் கட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் விரிந்து, வெளிர் மஞ்சளாகவோ வெண்ணெய் நிறத்திலோ தெரிந்தால் காய் விளைந்துவிட்டது. பள்ளமே இல்லாமல் கண்கள் ஒட்டிக்கொண்டு கரும்பச்சையாக இருந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். பள்ளத்தில் வெள்ளையாக மாவு மாதிரி அப்பியிருப்பது மாவுப்பூச்சி. உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குழாயடியில் தேய்த்தால் போய்விடும். கல் மாதிரி இறுகிக் கறுத்த காய்களைக் கூடையின் அடியில் போட்டுவிடுவது உண்டு. கூடையாக வாங்கினால் மேல் அடுக்கை மட்டும் பார்த்து விலை பேசாமல், பாதியைக் கீழே கொட்டிப் பாருங்கள். மலைக்காரப் பெண்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களிடம் ரொம்பப் பேரம் பேசுவதும் நியாயமில்லை. சரிவில் ஏறிப் பறித்து, தலையில் சுமந்து கொண்டுவந்து விற்கிறார்கள்.

எல்லாவற்றையும் பழமாக வாங்காதீர்கள். அன்றைக்கே தின்ன நாலு பழம் போதும், மற்றது கண் விரிந்த கெட்டிக் காயாக இருக்கட்டும். பழுத்தது பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வீடு வந்து சேராது. துணிப்பையில் போட்டு மேலே வைக்கும் தட்டில் எறிந்தால் கீழே இருப்பவர் தலையில் பாகு ஒழுகும். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் பரப்பி, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி மடியில் வைத்துக்கொள்வதே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் காயை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. குளிரில் காய் பழுக்காது, தோல் கறுத்துச் சதை கெட்டிப்பட்டுப் போகும். அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ காகிதம் சுற்றியோ வையுங்கள். இரண்டிலிருந்து நாலு நாளில் பழுக்கும். காலையும் மாலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் காயாக இருப்பது பழமாவதற்கும் பழம் கூழாவதற்கும் இடையில் ஒரே ராத்திரிதான். விரலால் அழுத்தினால் மெல்ல அமுங்க வேண்டும். பழுத்த பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

பாலில் போடுகிறவர்களுக்கு: பழத்தை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், சூட்டில் கசந்துவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, நன்றாக ஆறவிட்டு, அதற்கப்புறம் சதையைக் கலக்குங்கள். அரை லிட்டர் பாலுக்கு நடுத்தரப் பழம் மூன்று சரியாக இருக்கும். கொட்டையைப் பிரிக்க மிக்ஸி கூடாது. பூந்திக் கரண்டியில் சதையை வைத்து, இன்னொரு கரண்டியின் முதுகால் தேய்த்தால் சதை கீழே இறங்கும், கொட்டை மேலே தங்கும். கொட்டையை அரைபட விடவே கூடாது, அது நஞ்சு. பேனுக்கென்று அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

பட்ஜெட் பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தோலும் கொட்டையும் போனால் சீத்தாவில் சாப்பிடக் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் முன்பின்தான். கிலோ 60 ரூபாய் என்றால் வாயில் போகும் சதை கிலோ 120 ரூபாய். பலாவில் இது இன்னும் மோசம், சுளை மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிர்ஷ்டம். ஆனாலும் ஏலகிரி பலாவுக்கு அந்தப் பணம் தகும். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி அறுத்த சுளையாகத் தின்பது சுலபம். முழுப் பழமாக வாங்கினால் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவாமல் தொடாதீர்கள். கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி எடுத்து வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்கு வேறு குழம்பு கேட்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் பழம் இல்லாத மாதமே கிடையாது. தையில் இலந்தை, மாசியில் தர்பூசணி, ஆனியில் நாவல், மார்கழியில் நெல்லி, எப்போதும் வாழையும் பப்பாளியும். சித்திரை வெயிலில் நுங்கு வாங்கும்போது மட்டும் "காய்க் கணக்கா, சுளைக் கணக்கா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு காயில் பொதுவாக மூன்று கண்தான். விரலால் அழுத்தினால் தண்ணீர் தெறிக்கிற நுங்குதான் நுங்கு. முற்றியதை ஆசைக்குத் தின்றால் ராத்திரி வயிறு வலிக்கும்.

மாம்பழத்துக்குக் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம். கிளிமூக்கு கூழ் ஆலைக்குப் போகட்டும், வீட்டுக்குப் பங்கனப்பள்ளி, அது முடிந்தால் நீலம். ஒரே மாதிரி பளிச்சென்று மஞ்சளாக, மணமே இல்லாமல், அமுக்கினால் கெட்டியாக இருந்தால் கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடை. வாங்கிய பழத்தை அரை மணி தண்ணீரில் போட்டுக் காம்புப் பாலைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நீலத்தில் கொட்டைக்குள் வண்டு இருப்பது சகஜம். பிஞ்சிலேயே முட்டை இட்டுவிடுவதால் ஓட்டை ஆறி மூடிக்கொள்ளும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கொட்டையை மட்டும் தூர எறிந்துவிட்டுச் சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.