கட்டிவைத்த போட்டும் நைனாவின் இதயமும்

நைனாவுக்கு நெஞ்சு வலி வந்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் முற்றிப்போயிற்று. காசிமேட்டில் 30 வருஷம் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்தவர். போன வருஷம் பங்குனியில் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது பாதியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். அப்புறம் படுக்கவும் முடியவில்லை. மூன்று தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினார். பல வருஷமாகச் சுகர் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப். 28 என்று வந்தது. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பியிருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 28 சதவீதம்தான் வெளியே போகிறது என்று அர்த்தம். 55-க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. அந்த ஆஸ்பத்திரியில் ஃபைலைப் புரட்டிவிட்டு, "முன்பக்கச் சுவர் செத்துப்போச்சும்மா. பைபாஸ் பண்ணியும் பிரயோஜனம் இல்ல, மாத்திரையில ஓட்டுங்க" என்றார்கள். நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் யாரும் பேசவில்லை.

என் சித்தி மகள் நர்ஸ். ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பியதும் கூப்பிட்டாள். "அக்கா, சுவர் அசையலன்னுதான் இதுல போட்டிருக்கு. செத்துடுச்சுன்னு எங்கயும் இல்ல. வயபிலிட்டி, அதான் தசைக்கு உயிர் இருக்கான்னு பாத்தாங்களான்னு கேளு."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

சாதாரண எக்கோ அசைவைத்தான் காட்டும். அசையாத தசை செத்து வடுவாகியும் இருக்கலாம், உயிரோடு ஒடுங்கியும் இருக்கலாம். மாதக்கணக்கில் ரத்தம் குறைவாகவே வந்துகொண்டிருந்தால் இதயத்தசை துடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வருகிற கொஞ்சத்தை உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செலவழிக்கிறது. செல்லுக்குள் சுருங்கி விரியும் இழைகள் குறைந்து, அந்த இடத்தில் கிளைகோஜன் சேர்கிறது. இதற்கு ஹைபர்னேட்டிங் மயோகார்டியம் என்று பெயர். பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இதய மருத்துவர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1980-களில் இந்தக் கருத்தைப் பரவலாக்கினார். பனிக்காலத்தில் கரடி தூங்குவதை வைத்து வந்த பெயர். நம் ஊரில் பனி ஏது, கரடி ஏது? நைனாவுக்கு விளக்கத் திணறிக்கொண்டிருந்தேன். அவரே சொல்லிவிட்டார்: "தடைக்காலத்துல கட்டிவெச்ச போட்டு மாதிரின்னு சொல்லு. ஓடல, ஆனா முழுகல." அப்போது மீன்பிடித் தடைக்காலம்தான் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் துறைமுகத்தில் போட்டெல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்.

வேறொரு டாக்டரம்மா டோபுடமின் எக்கோ எடுத்தார்: இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்தை ஏற்றிக்கொண்டே எடுக்கும் எக்கோ. என்னையும் உள்ளே நிற்க விட்டார். விளக்கை அணைத்த சின்ன அறை, நைனா இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார், கையில் டிரிப்ஸ். முதலில் திரையில் அந்தச் சுவர் மரக்கட்டையாகத்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் தடித்து உள்ளே வந்து போக, அது மட்டும் சும்மா இழுபட்டது. மருந்து குறைந்த அளவில் ஏறிக் கொஞ்ச நேரத்தில், "இங்க பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். சுவர் தடிக்கிறது. கொஞ்சமாகத்தான், ஆனால் என் கண்ணுக்கே தெரிந்தது. மருந்தை இன்னும் கூட்டியதும் மறுபடி தொய்ந்துவிட்டது. எனக்குத் திக்கென்றது. அவர் சிரித்தார். அப்படித் தொய்வதுதான் நல்ல அடையாளமாம்: தட்டினால் எழுந்திருக்கிறது, வேலை கூடினால் அதற்கேற்ற ரத்தம் வராமல் சோர்ந்துவிடுகிறது. வடுவாக இருந்தால் எந்த அளவிலும் அசையாது.

எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். கேடோலினியம் என்ற மருந்து வடுவில் தங்கி வெள்ளையாகத் தெரியும். சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் மீள்வது கடினம். நைனாவுக்கு முன்சுவரில் உள்பக்கமாக மெல்லிய கோடு, அடிச்சுவரில் ஒரு திட்டு முழுக்க வெள்ளை. பெட் ஸ்கேன் என்றும் ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் குறைந்த இடம் சர்க்கரையை இன்னும் இழுக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். இழுத்தால் உயிர் இருக்கிறது. சுகர்காரர்களுக்கு அதில் படம் தெளிவாக விழ இன்சுலின் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தசைக்கு உயிர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலே அடைப்பை எடுத்துவிடலாம் என்று இல்லை. 2022-ல் வெளியான ரிவைவ்டு ஆய்வில், இதயம் பலவீனமாகி, தசையில் உயிர் இருப்பதும் தெரிந்த 700 பேரைப் பார்த்தார்கள். நல்ல மாத்திரைகளோடு, அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்டும் வைத்ததால் சாவோ, இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறையவில்லை. பைபாஸ் கதை வேறு. ஸ்டிச் ஆய்வில் இ.எஃப். 35-ம் அதற்குக் கீழும் இருந்த 1,212 பேர். 10 வருஷத்தில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 66 சதவீதம் பேர் இறந்தார்கள், பைபாஸும் செய்துகொண்டவர்களில் 59 சதவீதம். ஆனால் அதிலும், யாருக்கு பைபாஸ் பலன் தரும் என்பதை வயபிலிட்டி டெஸ்ட் பிரித்துக் காட்டவில்லை. டாக்டரம்மா இதையெல்லாம் நைனாவிடமே சொன்னார். மூன்று குழாய் அடைப்பு, சுகர், வயசு, கிட்னி எல்லாம் பார்த்துத்தான் பைபாஸ் என்று முடிவானது. எனக்குக் கோபம் மாத்திரையோடு நிறுத்தச் சொன்னதில் இல்லை. பார்க்காமலே செத்துப்போச்சு என்று ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே சொன்னதில்தான்.

அம்மாதான் ரொம்பப் பயந்தார். இந்தியாவில் முதல் பைபாஸை டாக்டர் கே.எம். செரியன் 1975-ல் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் என்று சொன்னேன். "அந்தக் காலத்துலயேவா" என்று கேட்டு, அப்புறம் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்.

பைபாஸ் முடிந்தாலும் ஒடுங்கிய தசை உடனே எழுந்துவிடாது. இழைகள் திரும்ப உருவாக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. மூன்றாம் மாதம் இ.எஃப். 31 என்று வந்தபோது வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிட்டது. ஆறாம் மாதம் 40. அடிச்சுவரில் அந்தத் திட்டு அப்படியேதான் இருக்கிறது, அது வடு. மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் இனி எப்போதும் உண்டு. ஆனால் நைனா இப்போது ஒரே தலையணையில் படுக்கிறார். மற்ற இரண்டையும் அம்மா வெயிலில் காயவைத்து பரண் மேல் போட்டுவிட்டார்.