சொட்டு எண்ணும் இரவுகள்

இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட நோயாளிக்கு, அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தை ஏற்ற வேண்டும். மருந்தைக் குறித்த வேகத்தில் தானே செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் இருந்தால் அளவைக் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாம். அது இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில், செவிலியர்களாகிய நாங்கள் சிறு சொட்டுகளாக இறக்கும் குழாயான மைக்ரோ டிரிப் செட்டில்தான் ஏற்றுகிறோம். அதில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பதால், நிமிடத்துக்கு 12 சொட்டு விழுந்தால் மணிக்கு 12 மில்லிலிட்டர் போகும். கணக்கு எளிதுதான். ஆனால் நோயாளி முழங்கையை மடக்கினாலே சொட்டின் வேகம் மாறிவிடும். மானிட்டரில் அதன் விளைவு தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருக்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணியபடி ஒருவர் அடிக்கடி அங்கே நிற்க வேண்டும். அப்படி நிற்கத்தான் ஆள் இல்லை.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று படித்தோம். நான்கு பேரை ஒருவரே பார்க்கும் இரவில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, வாயைச் சுத்தம் செய்வது, ஒவ்வொருவரையும் தொடுமுன் கை கழுவுவது ஆகியவற்றுள் எதை விடுவது என்பதை அவரே யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்கிறார். விட்டதன் விளைவு அன்றே தெரியாது. சில நாள் கழித்துப் படுக்கைப் புண்ணாகவோ நிமோனியாவாகவோ அது வெளிப்படும்போது நோயின் சிக்கல் என்றே கோப்பில் பதிவாகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுவே.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் காட்டிய வழியில், ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு அளித்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததுதான். வென்டிலேட்டர் நின்றுபோன ஓர் இரவில், மாற்று இயந்திரம் வரும்வரை நான் அம்பு பேக் என்னும் அத்தகைய பையை அழுத்திக்கொண்டிருந்தபோது அவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு அடுத்த முறைக்கு ஆள் வந்தது. எனக்குப் பின்னால் மூன்று படுக்கைகளில் அலாரம் ஒலித்துக்கொண்டிருந்தது, பையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

அதன் பிறகு, பணி மாறும்போது ஒப்படைக்கும் குறிப்பில், செய்ததோடு செய்ய முடியாததையும் நேரத்தோடு எழுதத் தொடங்கினோம்: “2 மணிக்கும் 4 மணிக்கும் புரட்டவில்லை, ஆள் இல்லை.”